எரியாத விளக்கின் சாட்சி

காரில் சாவியைத் திருப்பியதும், என்ஜின் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, டேஷ்போர்டில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு வரிசை விளக்குகள் எரிகின்றன: எண்ணெய், பேட்டரி, செக் என்ஜின், ஏபிஎஸ், ஏர்பேக். சில நொடிகளில் அவை ஒவ்வொன்றாக அணைந்துவிடுகின்றன. அணைந்த பிறகு வண்டியை எடுப்பவரின் மனத்தில் ஒரு முடிவு இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது என்ற முடிவு. அதை அவர் எதைப் பார்த்துப் பெற்றார்? எதையும் பார்க்கவில்லை. பார்க்காததிலிருந்தே பெற்றார். எரிகிற விளக்கு கோளாறைச் சொல்கிறது என்பதில் பெரிய புதிர் இல்லை. எரியாத விளக்கு கோளாறு இல்லை என்பதைச் சொல்கிறது என்று கொள்ள நமக்கு என்ன உரிமை என்பதுதான் கேள்வி. இந்தியத் தத்துவங்கள் பல நூற்றாண்டுகள் இதே கேள்வியோடு மல்லாடியிருக்கின்றன. கடவுள் உண்டா, உயிர் உண்டா, மறுபிறப்பு உண்டா என்ற வழக்குகள் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து முட்டுகின்றன: காணவில்லை என்பதிலிருந்து இல்லை என்பதற்குப் போகும் வழி எது? இருந்திருந்தால் கண்டிருப்போம் என்பது முன்கூட்டியே நிலைநாட்டப்பட்டிருந்தால் மட்டுமே காணாமை அறிவாகும் என்பது என் வாதம். இந்த நிபந்தனையைக் கடவுளை மறுப்பவர்களும் ஏற்பவர்களும் அடிக்கடி தவறவிடுகிறார்கள். ஒரு காரின் மின்னமைப்பு அதை எவ்வளவு கவனமாகக் கடைப்பிடிக்கிறது என்று பார்த்தால், தவறுவது எங்கே என்பதும் தெரிகிறது.

முதலில் எரிகிற விளக்கைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். புகையைக் கண்டு நெருப்பை அறிவதுபோல, காரியத்தைக் கண்டு காரணத்தை அறியும் கருதல் அது. அதற்கும் எதிர்ப்பு உண்டு. நியாய சூத்திரத்திலேயே ஒரு மறுப்பாளர் கேட்கிறார்: ஆறு பெருகி வருவதைப் பார்த்து மேலே மழை பெய்தது என்கிறீர்கள், நீரை இடையில் தடுத்து நிறுத்தினாலும் ஆறு பெருகுமே? செக் என்ஜின் லைட் எரிந்து, ஸ்கேனரில் பி0171 என்று வந்தால், கலவையில் எரிபொருள் குறைவு, காற்று மிகுதி என்று பொருள். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடுபவர்கள் உண்டு. காற்று உள்ளே கசியும் ரப்பர் குழாய், சோர்ந்த எரிபொருள் பம்பு, அழுக்கேறிய காற்று அளவீட்டு சென்சார், சென்சாருக்கு முன்னால் ஓட்டை விழுந்த புகைக்குழாய் என எதுவும் அதே குறியைக் கொண்டுவரும். அப்படியானால் குறியே பொய்யா? நியாய ஆசிரியர்களின் விடை எனக்கு மிகவும் பிடித்தது. மழையால் வந்த வெள்ளத்துக்கு அதற்கே உரிய தோற்றம் உண்டு. நுரை, சருகு, மிதந்து வரும் மரத்துண்டு, நீரின் வேகம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்காமல் வெறும் பெருக்கை மட்டும் பார்த்தவன் தவறினான் என்றால், தவறியது அவன், கருதல் அல்ல. ஒர்க்‌ஷாப்பிலும் அப்படியே. என்ஜின் சும்மா ஓடும்போது கணினி கூட்டிக்கொடுக்கும் எரிபொருள் அதிகமாகவும், ஆக்சிலேட்டரை மிதித்ததும் குறைவாகவும் இருந்தால், காற்றுக் கசிவைத் தேட வேண்டும். பாரம் ஏற ஏற அது கூடினால் பம்பையும் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். அடையாளத்தை முழுதாகப் பார்த்தால் அது எங்கே போகச் சொல்கிறதோ அங்கே கொண்டுபோய் விடுகிறது. உண்மையான தொல்லை அடையாளமே இல்லாத இடத்தில்தான் தொடங்குகிறது.

அந்த இடத்தைப் பற்றி நம் முன்னோர் ஒத்துப்போகவில்லை. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளில், அதாவது அறிவு பெறும் வழிகளில், இன்மையாகிய அபாவமும் ஒன்று. குமாரிலரின் வழிவந்த மீமாம்சகர், இன்மையை அறிவதற்குக் காணாமை என்பது தனியான ஓர் அளவை என்றார்கள். நையாயிகர், வெறுந்தரையைப் பார்க்கும்போது குடம் இல்லாததையும் கண்ணே காண்கிறது என்றார்கள். பௌத்தரான தருமகீர்த்தி அதைக் கருதலுக்குள் அடக்கினார். நமக்கு நெருக்கமான சாட்சி 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார். அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கும் அந்நூல், கருதலுக்கான ஏதுக்களை இயல்பு, காரியம், அநுபலத்தி (காணாமை) என மூன்றாகப் பிரிக்கிறது. பௌத்தத்தை மறுக்கும் சைவ நூல் தருமகீர்த்தியின் பாகுபாட்டை அப்படியே எடுத்துக்கொள்வது பெருந்தன்மையான செயல். அநுபலத்திக்கு அது தரும் எடுத்துக்காட்டு, குளிர் இல்லாமையைக் கொண்டு பனி இல்லாமையை அறிவது. மிக எளிமையாகத் தோன்றுகிறது. ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால், அந்த எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது: குளிரை உணரக்கூடிய உடம்பு. மரத்துப்போன கைக்குக் குளிர் தெரியாது. அந்தக் கையை நீட்டிப் பனி இல்லை என்று சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

சொல்லாமல் விட்ட அந்த நிபந்தனையைத் தருமகீர்த்தி வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். இங்கே குடம் இல்லை என்று சொல்ல வேண்டுமானால், குடம் காணத்தக்க பொருளாக இருக்க வேண்டும். அதைக் காண்பதற்கு வேண்டிய மற்ற எல்லாம், அதாவது வெளிச்சம், கண், கவனம் ஆகியவை கூடியிருக்க வேண்டும். எல்லாம் இருந்தும் குடம் தென்படவில்லை என்றால் மட்டுமே இல்லை என்ற முடிவு நிற்கும். இடத்தாலோ காலத்தாலோ இயல்பாலோ நமக்கு எட்டாத பொருளைக் காணாததால் கிடைப்பது ஐயம் மட்டுமே. இதற்கு அந்த மரபு தரும் வழக்கமான எடுத்துக்காட்டு பிசாசு. இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லப்படும் ஒன்றை, தெரியவில்லை என்ற ஒரே காரணத்தால் இல்லை என்று சொல்ல முடியாது. உண்டு என்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

சாவியைத் திருப்பியதும் விளக்குகள் எரிவது இந்த நிபந்தனையின் நடைமுறை வடிவம். இனி நான் அணைந்திருக்கப் போகிறேன், ஆனால் எரிய வேண்டியபோது என்னால் எரிய முடியும் என்பதை இப்போதே பார்த்துக்கொள் என்று வண்டி சொல்கிறது. அதிலும் எல்லா விளக்கும் ஒரே மாதிரிச் சொல்வதில்லை. இந்த வேறுபாடு என் வாதத்துக்கு முக்கியம். ஏர்பேக் விளக்கு எரிவது அதன் கணினி தானே கட்டளையிட்டு நடத்தும் ஒத்திகை. விளக்கு நல்ல நிலையில் இருக்கிறது என்பதை அது காட்டும். பழைய வகை எண்ணெய் விளக்கு அப்படி ஒத்திகை பார்ப்பதில்லை. என்ஜினில் பொருத்தியிருக்கும் சுவிட்ச், எண்ணெயில் அழுத்தம் இல்லாதபோது மூடி விளக்கை எர்த்தோடு இணைக்கும். அழுத்தம் வந்ததும் திறந்துகொள்ளும். என்ஜின் ஓடாதபோது அழுத்தம் உண்மையிலேயே இல்லை. ஆகவே சாவி போட்டதும் அது எரிவது உண்மை ஒன்றைச் சொல்லும் செயல். சொல்வதன் வழியாகவே விளக்கு, வயர், சுவிட்ச், எர்த் என்ற முழுப் பாதையும் சோதிக்கப்பட்டுவிடுகிறது. வயர் அறுந்திருந்தால் அந்த விளக்கு அன்று எரியாது. என்ஜின் ஓடும்போது எண்ணெய் பம்பு நின்றுபோனாலும் எரியாது. தொடக்கத்தில் எரிந்ததா என்று கவனிக்காதவருக்கு, நல்ல என்ஜினின் இருட்டும் செத்துக்கொண்டிருக்கும் என்ஜினின் இருட்டும் ஒன்றே.

பேட்டரி விளக்கு இன்னும் ஆழமானது. பழைய வகை அமைப்பில் அந்த விளக்கின் ஒரு முனை இக்னிஷன் சுவிட்சிலிருந்தும் மறு முனை ஆல்டர்நேட்டரிலிருந்தும் வருகிறது. ஆல்டர்நேட்டர் சும்மா இருக்கும்போது மின்சாரம் விளக்கு வழியாகப் போய் அதன் சுருளில் இறங்குகிறது, விளக்கு எரிகிறது. அது மின்சாரம் தரத் தொடங்கியதும் இரு முனையிலும் அழுத்தம் சமமாகி விளக்கு அணைகிறது. விளக்கு வழியாகச் சுருளுக்குப் போகும் அந்தச் சிறு மின்சாரம்தான் ஆல்டர்நேட்டரைக் கிளப்பிவிடுகிறது. எனவே பல்பு தீய்ந்துவிட்டால், பல வண்டிகளில் ஆல்டர்நேட்டர் மின்சாரம் தரவே தொடங்காது. தொடங்கவில்லை என்று சொல்லவும் விளக்கு இராது. சாட்சி செத்ததாலேயே குற்றம் நடக்கிறது, குற்றத்தைச் சொல்லவும் ஆள் இல்லை. அறியும் கருவி அறியப்படும் பொருளுக்கு வெளியே தனியாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நம் வழக்கமான எண்ணத்தை இந்தச் சின்ன பல்பு கலைத்துவிடுகிறது. அறிபவனும் அறிவும் அறியப்படுவதும் எங்கே பிரிகின்றன என்று வேதாந்திகளும் சித்தாந்திகளும் வாதிட்டது வெறும் நூல் விளையாட்டு அல்ல என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அணைந்த விளக்கு எதைப் பற்றி அணைந்திருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும். பேட்டரிப் படம் போட்ட அந்த விளக்கு பேட்டரியைப் பற்றிப் பேசுவதே இல்லை. மின்சாரம் ஏறுகிறதா என்பதைப் பற்றித்தான் பேசுகிறது. வயதான பேட்டரி, ஓடும் வண்டியில் 14 வோல்ட் ஏற்றத்தோடு நன்றாகவே இருப்பதுபோலத் தோன்றும். விளக்கு அணைந்தே இருக்கும். மறுநாள் காலை ஸ்டார்ட்டர் சுற்றாது. எண்ணெய் விளக்கு அழுத்தத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. ஆகவே ஒவ்வொரு மௌனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லைக்கு அப்பால் அது மௌனம்கூட அல்ல. அங்கே பேச வாயே வைக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் உயிர் அகப்படவில்லை என்று சொல்பவரும், கேட்டதற்கு இறைவன் பதில் தரவில்லை என்று மனம் உடைபவரும் தாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் விளக்கு எந்த வயரில் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்கலாம்.

1996 மாடல் முதல் அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி-2 என்ற தன்சோதனை முறை இந்தப் பொருளில் தத்துவவாதிகளுக்கே பாடம் சொல்லக்கூடிய ஒன்றைச் செய்தது. அதில் ஒவ்வொரு சோதனைக்கும் விடை இரண்டல்ல, மூன்று. தேறியது, தவறியது, சோதனை இன்னும் முடியவில்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்று கணினி பார்க்க வேண்டுமானால் என்ஜின் சூடேற வேண்டும், வண்டி ஒரு சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். அந்தச் சூழல் கூடும்வரை கணினி நல்லது என்றும் சொல்லாது, கெட்டது என்றும் சொல்லாது. முடியவில்லை என்று எழுதி வைத்துக்கொள்ளும். பல கோளாறுகளுக்கு, ஒருமுறை தென்பட்டால் போதாது; அடுத்த ஓட்டத்திலும் தென்பட்டால்தான் விளக்கு எரியும். எரிந்த பிறகு, மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து அக்கோளாறு தென்படாமல் இருந்தால் விளக்கு அணையும். ஆனால் குறிப்பு உடனே அழியாது. நாற்பது முறை என்ஜின் சூடேறி ஆறும்வரை நினைவில் நிற்கும். இப்படி ஒரு பொறுமையை நாம் ஒருவரைப் பற்றி ஒருவர் முடிவெடுக்கும்போது காட்டுவதில்லை, இறைவனைப் பற்றி முடிவெடுக்கும்போதும் காட்டுவதில்லை.

மூன்றாவது விடை ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பழைய கார் சந்தை காட்டும். ஸ்கேனரால் குறிகளை அழித்துவிட்டு, அல்லது பேட்டரி வயரைக் கழற்றி மாட்டிவிட்டு, விளக்கு அணைந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவது பழைய தந்திரம். டேஷ்போர்டு இருட்டாக இருக்கும். ஆனால் அழித்த அதே நொடியில் எல்லாச் சோதனைகளும் முடியவில்லை என்ற நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. ஸ்கேனரை மாட்டிப் பார்ப்பவருக்கு, இந்த இருட்டு தேர்ச்சி பெற்ற இருட்டா, இப்போதுதான் வாயைப் பொத்திய இருட்டா என்பது தெரிந்துவிடும். அமெரிக்காவில் புகைச் சோதனை நடத்தும் மாநிலங்களில், முடியாத சோதனைகள் அதிகமாக இருந்தால் வண்டியைத் தேர்ச்சி தராமல் திருப்பி அனுப்புகிறார்கள். இதைவிடக் கொடியதும் உண்டு. வெடித்துப்போன ஏர்பேக்குக்குப் பதிலாக வெறும் மூடியை வைத்துவிட்டு, கப்ளரில் இரண்டு மூன்று ஓம் தடை ஒன்றைச் சொருகிவிடுவார்கள். இருக்கிறாயா என்று கணினி கேட்கும்போது அந்தத் தடை இருக்கிறேன் என்கிறது, விளக்கு அணைகிறது, உயிர் காக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. சோதனை எதைக் கேட்கிறதோ அதற்கு மட்டும் விடை சொல்லும் ஒன்றை வைத்து அதை நிறைவு செய்துவிட முடியும் என்பதால், கேள்வியின் கூர்மையும் அளவையின் ஒரு பகுதி.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். விளக்கைச் சோதித்தாய், சரி; சோதிக்கும் கணினியைச் சோதித்தது யார்? அதையும் சோதித்தால், அந்தச் சோதனையைச் சோதிப்பது எது? முடிவே இல்லாத அநவத்தை என்ற குற்றம் இது. மீமாம்சகர் இதைக் கொண்டே நையாயிகரை மடக்கினார்கள். ஓர் அறிவு மெய்யென்பதை வேறோர் அறிவுதான் காட்ட வேண்டுமென்றால், அதற்கு இன்னொன்று, அதற்கு மற்றொன்று என்று போய்க்கொண்டே இருக்கும்; ஆகவே அறிவின் மெய்ம்மை தன்னாலேயே விளங்குவது, பொய்ம்மைதான் பிறிதால் தெரிவது என்றார்கள். வேதத்துக்கு வேறு சான்று தேவையில்லை என்று நிறுவ அவர்களுக்கு இந்த வாதம் தேவைப்பட்டது. எண்ணெய் விளக்கு இதற்கு நடுவழி ஒன்றைக் காட்டுகிறது. சோதனையின்மேல் சோதனை அடுக்க வேண்டியதில்லை. உண்மை என்னவென்று வேறு வழியில் நமக்கு ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்த ஒரு நிலை இருந்தால் போதும். ஓடாத என்ஜினில் எண்ணெய் அழுத்தம் இல்லை என்பதற்கு யாரும் கருவி தேட வேண்டாம். அந்த நிலையில் பேச வேண்டிய விளக்கு பேசியது. எனவே சற்று நேரத்துக்குப் பின் அது பேசாமலிருப்பதை எடுத்துக்கொள்ளலாம். இடையில் வயர் அறுந்திருக்கலாமே என்றால், அறுந்திருக்கலாம்தான். ஆனால் அந்த ஐயத்துக்குக் காரணம் காட்ட வேண்டியது இப்போது ஐயப்படுபவரின் பொறுப்பு. அறிவுக்கு நான் கேட்பது இவ்வளவுதான்; தவறவே முடியாத உறுதியை நான் கேட்கவில்லை.

இன்னொரு மறுப்பு நடைமுறையிலிருந்து வரும். இவ்வளவு யோசித்தால் யார்தான் வண்டி ஓட்ட முடியும்? விளக்கு எரியவில்லை, கிளம்பு என்பதுதானே வாழ்க்கை? உண்மை, செயல்படுவதற்கு நம்பிக்கை போதும், குமாரிலர் சொன்னதுபோல எதிர்ச்சான்று வரும்வரை நம்பிப் போகலாம். ஆனால் நம்பிப் போவதும், இல்லை என்று பிறரிடம் வாதிட்டு நிறுவுவதும் வேறு வேறு செயல்கள். வண்டியை விற்பவர் கோளாறே இல்லை என்று சொல்லும்போது, அவர் தன் நம்பிக்கையைச் சொல்லவில்லை. என்னுடைய நம்பிக்கையைக் கேட்கிறார். அங்கே நிபந்தனையைக் கேட்க எனக்கு உரிமை உண்டு. சமயத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது செயலைத்தான் செய்கிறார்கள்.

இனி சமயத்துக்கே வரலாம். சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கம் முதலில் எடுத்து மறுப்பது உலகாயதத்தை. காண்டல் ஒன்றே அளவை, காணப்படாத உயிரும் இறைவனும் இல்லை என்பது உலகாயதர் வழக்கு. இந்த வழக்கு அணைந்த விளக்கைக் காட்டி வண்டியை விற்பதற்குச் சமம் என்று நான் சொல்வேன். கண்ணுக்குப் புலப்பட வேண்டிய பொருளாக இறைவனை யாரும் சொல்லாதபோது, கண் காணாதது எதையும் நிறுவாது. சைவ சித்தாந்தமோ இன்னும் ஒரு படி போய், புலன்களாலும் நூலறிவாலும் வரும் பாசஞானமும், உயிர் தன்னைக் கொண்டு அறியும் பசுஞானமும் இறைவனை அறிய மாட்டா, இறைவன் தரும் பதிஞானத்தாலேயே அவனை அறிய முடியும் என்கிறது. அதாவது, நம்மிடம் இருக்கும் விளக்குகள் எதுவும் அந்த வயரில் இணைக்கப்படவில்லை என்று சைவமே சொல்லிவிடுகிறது. உலகாயதரின் மறுப்பு இதனால் விழுந்துவிடுகிறது. ஆனால் அதே வெட்டு சைவர் பக்கமும் விழுகிறது. தீமை செய்தவன் நன்றாக வாழ்கிறானே, தண்டிக்கும் இறைவன் எங்கே என்று கேட்பவரிடம், அது அடுத்த பிறவியில் வரும் என்று சொல்வது முடியாத சோதனையைத் தேறியதாக எழுதிக் கொடுப்பதாகும். வினைப்பயன் பொய் என்று நான் சொல்லவில்லை. இந்த ஒரு பிறவியின் கணக்கை மட்டும் பார்த்து அது மெய் என்றோ பொய் என்றோ சொல்பவர் இருவரும், மூன்றாவது விடையை மறைக்கிறார்கள் என்று சொல்கிறேன்.

பக்குவம் என்ற கருத்து இங்கே மிக முக்கியமானது. இருவினையொப்பு, மலபரிபாகம் (மலம் பக்குவப்படுதல்), சத்திநிபாதம் (அருள் பதிதல்) என்று சித்தாந்தம் ஒரு வரிசை வைக்கிறது. அவை கூடும்வரை உயிருக்கு இறைவன் விளங்க மாட்டான். பகுத்தறிவாளர் பலர் இதைத் தப்பிக்கும் வழி என்று தள்ளிவிடுகிறார்கள். நான் அப்படித் தள்ள மாட்டேன். என்ஜின் சூடேறும்வரை கன்வெர்ட்டரைப் பற்றிச் சொல்ல முடியாது என்று கணினி சொல்வது தப்பித்தல் அல்லவே. ஆனால் கணினியின் கூற்றை நேர்மையாக்குவது ஒன்றுதான்: எந்தச் சூட்டில், எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் என்பது சோதனைக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது, விடையைப் பார்த்துவிட்டு எழுதப்படுவதில்லை. இருவினையொப்பு இந்த அளவுகோலுக்கு ஓரளவு பொருந்துகிறது. இன்பத்தையும் துன்பத்தையும், புகழையும் பழியையும் ஒன்றாக ஏற்கும் மனிதரை அவர் வாழ்க்கையிலிருந்தே பிறரால் அடையாளம் காண முடியும். சத்திநிபாதத்தை அப்படித் தனியாக அறிய வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அருள் பதிந்தது என்பதை, அருள் விளங்கியதைக் கொண்டே சொல்கிறார்கள். அங்கே நிபந்தனையும் விடையும் ஒன்றாகிவிடுகின்றன.

இறைவனைச் சோதிக்க நினைப்பதே தவறு, சோதிக்கும் மனநிலையிலேயே அவன் மறைந்துவிடுவான் என்று அடியார் ஒருவர் சொல்லலாம். இதையும் நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காரில் இரவோடு இரவாக பேட்டரியைத் தீர்த்துவிடும் மின்கசிவைத் தேடும்போது இதே தொல்லை வருகிறது. வண்டியைப் பூட்டிய பின் உள்ளே இருக்கும் கணினிகள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகின்றன. முழுதாகத் தூங்கச் சில வண்டிகளில் அரை மணி நேரம்கூட ஆகும். நல்ல வண்டியில் அப்போது ஓடும் மின்சாரம் சாதாரணமாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கும். ஆனால் ஃப்யூஸ் பெட்டியைப் பார்க்கக் கதவைத் திறந்தாலே எல்லாம் விழித்துக்கொள்கின்றன. தேடியது மறைந்து, தேடுதலே உண்டாக்கிய மின்சாரம் மீட்டரில் தெரிகிறது. அதனால் அனுபவம் உள்ள எலக்ட்ரீஷியன் கதவின் பூட்டு நாக்கை ஸ்குரூடிரைவரால் அழுத்தி, கதவு மூடியிருப்பதாக வண்டியை நம்பவைத்துவிட்டுக் காத்திருப்பார். பிறகு எந்த ஃப்யூஸையும் பிடுங்காமல், ஒவ்வொன்றின் தலையிலும் மீட்டர் முனைகளை வைத்து, சில மில்லி வோல்ட் வீழ்ச்சி தெரிகிறதா என்று பார்ப்பார். பிடுங்கி மாட்டினால் மறுபடி விழித்துக்கொள்ளும் என்பதால் இந்தப் பொறுமை. இதில் இல்லை, இதில் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழித்து எஞ்சியதைப் பிடிப்பது நம் நூல்கள் ஒழிபு என்று சொல்லும் அளவை. அந்த ஒழிபு நிற்பது, கழித்த ஒவ்வொரு இன்மையும் தொந்தரவு செய்யாத சோதனையால் வந்திருந்தால்தான்.

ஆக, சோதித்தால் மறையும் என்பது சோதிக்கவே முடியாது என்பதாகாது. எது தொந்தரவு என்று சொல்லி, அதை நீக்கும் வழியையும் சொன்னால், தேடுவதற்கு இடம் உண்டு. சைவம் இந்த இரண்டையும் சொல்கிறது. தொந்தரவு ஆணவம், நான் தேடுகிறேன், எனக்குக் காட்டு என்ற முனைப்பு, அதை நீக்க வழிபாடும் தொண்டும் தியானமும். இவற்றை நான் மதிக்கிறேன். திறந்த கதவோடு மீட்டரைப் பார்ப்பவரைவிட இந்த வழியில் நடப்பவர் நேர்மையான தேடலில் இருக்கிறார். ஆனால் ஒரு கேள்வி விடை இல்லாமல் நிற்கிறது. ஒருவர் சொன்னபடியெல்லாம் வாழ்ந்து, பிறர் கண்ணுக்கே முனைப்பு அடங்கியவராக இருந்து, கடைசிவரை எதுவும் விளங்கவில்லை என்று சொன்னால், அவருடைய சொல்லுக்கு மதிப்பு உண்டா? ஆணவம் இன்னும் தேயவில்லை என்பதுதான் வழக்கமாகத் தரப்படும் பதில். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் விளங்கியது என்று சொல்லியிருந்தால் எந்த வாழ்க்கையை அவருடைய தகுதிக்குச் சான்றாகக் காட்டியிருப்பார்களோ, அதே வாழ்க்கைதான் இப்போதும் அவர் பின்னால் நிற்கிறது. அவருடைய சாட்சியையும் அடியார்களின் சாட்சியோடு ஒரே ஏட்டில் எழுதிவைக்க ஒரு சமயம் முன்வருமானால், அதன் மற்றச் சாட்சிகளை நான் இப்போது நம்புவதைவிட அதிகமாக நம்புவேன்.